கோட்டுக்குள் வந்த கதவு

உலகப் பண்பாட்டின் தலைநகரம் எது என்று கேட்டால் விவரம் தெரியாதவர்கள் ரோம் என்பார்கள், ஏதென்ஸ் என்பார்கள். கொஞ்சம் ஊர்ப்பற்று உள்ளவர்கள் மதுரை என்பார்கள். எல்லாம் தப்பு. அது திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில், 'ஜெகதீசன் டோர்ஸ் அண்ட் பிளைவுட்ஸ்' கடையின் மாடியில் இருக்கிறது. படிக்கட்டு பின்பக்கம். தலையைக் குனிந்துதான் ஏற வேண்டும். பண்பாட்டுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், பீம் இடிக்கும்.

அந்த மாடியில்தான் 'விழுப்புரம் திண்டிவனம் வட்டாரக் கடல்வணிகப் பண்பாட்டு மீட்புக் குழு' மாதா மாதம் கூடுகிறது. கடல் அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். குழுவில் பாதிப் பேருக்குக் கடல் தண்ணீர் என்றால் அலர்ஜி, மீதிப் பேருக்கு மீன் வாடை என்றால் அலர்ஜி. அதனால் என்ன? கடலை மீட்கிறவன் கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நான் அந்தக் குழுவின் துணைச் செயலாளர். பெயர் அருள். தொழில் பிளக்ஸ் போர்டு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்மிடம்தான். செத்தவர் போர்டில் சிரிக்க வேண்டுமா, சீரியஸாக இருக்க வேண்டுமா என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். ஆகவே வரலாறு எனக்குப் புதிதல்ல. என் அனுபவத்தில் உண்மை என்பது எட்டடிக்குப் பத்தடி. அதற்கு மேல் போனால் சட்டம் கட்ட எக்ஸ்ட்ரா சார்ஜ்.

எங்கள் தலைவர் ஜெகதீசன், மேற்படி கதவுக் கடையின் அதிபர். போன வருஷம் ஆப்பிரிக்கா டூர் போய் வந்தார். சிங்கத்தைப் பார்க்கப் போனவர். டூர்க்காரன் கடைசியில் ஒன்றரை நாள் லாமு என்ற தீவில் இறக்கிவிட்டிருக்கிறான். கென்யாக் கடற்கரையில் இருக்கிற பழைய சுவாஹிலி வணிக நகரம். பவளக்கல் வீடுகள், ஒரு கழுதை மட்டும் போகிற சந்துகள், பாய்மரப் படகுகள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அரபிக்காரன், குஜராத்திக்காரன் எல்லாம் சரக்கோடு வருவான், அந்தப் பக்கம் அடித்தால் திரும்பிப் போவான். அப்படி ஆயிரம் வருஷம் போல வந்து, போய், பேசி, கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு, ஒரு பாஷையையே உண்டாக்கிய கரை. தலைவர் இதில் எதையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"யோவ், ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு கதவுய்யா!" என்றார், திரும்பி வந்து நடந்த அவசரக் கூட்டத்தில். கண் கலங்கியிருந்தது. "நெலையில கொடி, தலைப்புல பூவு, நடுவுல தூணு மாதிரி ஒரு சட்டம், அதுலயும் செதுக்கல். உலகத்துல இருந்து ஜனங்க வந்து அந்தக் கதவு முன்னாடி நின்னு போட்டோ புடிச்சிக்கினு போறான். நம்ம கடையில ஒருத்தன் நின்னு போட்டோ புடிச்சிருக்கானா?"

குழு வெட்கத்தில் தலை குனிந்தது.

"தலைவரே, அந்த வேலைப்பாடெல்லாம் நம்ம ஆளுங்க கப்பல்ல போய்ச் சொல்லிக் குடுத்ததா இருக்கும்" என்றார் பொருளாளர் சக்கரபாணி. இவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எது யாருடையது என்பதை மாற்றுவதில் நீண்ட அனுபவம் உள்ளவர்.

"இருக்கும் இன்னா இருக்கும்? அதான்!" என்றார் தலைவர்.

'இருக்கும்' என்பது ஆராய்ச்சியின் தொடக்கம். 'அதான்' என்பது முடிவு. நடுவில் எதுவுமே இல்லாததுதான் எங்கள் குழுவின் தனிச்சிறப்பு.

அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. நம் கரையிலும் ஒரு லாமு வேண்டும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓடைமேட்டுக்குப்பம் என்ற மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தக் கரையில் அந்தக் காலத்தில் பெரிய துறைமுகம் இருந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் வெறும் உண்மையை வைத்துக்கொண்டு ஒரு கதவுகூட விற்க முடியாது. அதனால் சக்கரபாணி மணலைக் கிளறி ஒரு பானை ஓட்டைக் கண்டுபிடித்தார். கையில் வைத்து, கண்ணை மூடி, "ரோமானியம்" என்றார். அதில் ஒட்டியிருந்த ஊறுகாய் வாசனை ரோமானியர்களுடைய உணவுப் பழக்கத்தைக் காட்டுவதாக எடுத்துக்கொண்டோம்.

இடம் பார்க்கப் போனோம். அங்கேதான் வீரம்மாளைச் சந்தித்தேன்.

வீரம்மாள் ஓடைமேட்டுக்குப்பத்தின் ஏலக்காரம்மா. ஐம்பது வயசு இருக்கும். அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் குப்பத்தில் நாய் குரைக்கும். விடிகிற நேரத்தில் ஒரு துடுப்பைக் கடலில் நனைத்து, ஈர மணலில் பெரிசாக ஒரு சதுரக் கோடு இழுப்பாள். பைபர் போட்டுகள் கரை ஏறியதும் பிடித்த மீன் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் வந்து விழும். பிறகு ஏலம். கோட்டுக்குள் வந்த பொருள் ஏலம் போகாமல் வெளியே போகக் கூடாது. இதுதான் அந்த ஊர்ச் சட்டம். போட்டுக்காரன் மச்சானுக்கு என்று நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கி எடுக்க முடியாது. ஊர்த் தலைவர் கேட்டாலும் கிடையாது. எல்லார் கண்ணுக்கும் முன்னால், எல்லார் காதுக்கும் கேட்க, மூன்று தரம் சொல்லித்தான் எதுவும் கை மாறும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்தேன். கோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

"ஹெல்மெட்டு! நல்ல ஹெல்மெட்டு! உள்ள பஞ்சு கீது, வெளிய கீறல் கீது! கேளு கேளு!" என்று வீரம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தாம்மா, அது என்னுது!"

"உன்னுதுதான் தம்பி, யாரு இல்லன்னது? கோட்டுக்குள்ள வந்துட்டுதே. கேட்டு எடுத்துக்கோ."

ஒரு கிழவர் வேண்டுமென்றே ஏற்றி ஏற்றிக் கேட்டார். என் ஹெல்மெட்டை நானே ஏலத்தில் எடுத்தேன். விற்ற பணம் எனக்கே வந்தது, வீரம்மாளின் கமிஷன் போக. கமிஷனில் அவள் ஒரு பைசா விடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் ஒரு வணிக நகரத்தின் சட்டத்தை என் தலையால் அறிந்தவன் என்ற பெருமை குழுவில் எனக்கு மட்டும்தான் உண்டு.

தலைவர் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு அந்த ஏலக் களத்தைச் சுற்றி வந்தார். சுற்றி முடித்ததும் சொன்னார்: "இங்கதான். 'பாரம்பரியச் சதுக்கம்'. பெரிய செதுக்குக் கதவு ஒண்ணு, அதுக்குப் பின்னால கடலு. வேற இன்னா வேணும்?"

"அப்ப நாங்க எங்க சார் விக்கறது?" என்றாள் வீரம்மாள்.

"உப்பளம் ரோட்டுப் பக்கம் காலி எடம் இருக்குதே. அங்க போங்களேன்."

"அங்க கடலு இல்லியே சார்."

"மீன் இருக்குது இல்ல?"

"சார், போட்டு இங்கதான் ஏறும். மீனத் தூக்கிக்கினு நாங்க அங்க போறதுக்குள்ள லாரிக்காரன் வழியிலயே மடக்குவான். அவன் சொல்றதுதான் ரேட்டு. இந்தக் களம் இருக்கறதாலதான் பத்துப் பேரு கேக்கறான், நாங்க ஒரு வாய் சோறு துன்றோம். இத எடுத்துட்டா எங்க கதை முடிஞ்சிது."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். அவர் பெரிய மனிதர். "இந்தாம்மா, நீங்க விக்கறது மீனு. நாங்க காப்பாத்தறது வணிகம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தை நான் உடனே பிளக்ஸ் அடித்து மாடியில் மாட்டினேன். இப்பவும் இருக்கிறது.

அடுத்து எங்களுக்குத் தேவைப்பட்டது சான்றிதழ். பாரம்பரிய இடங்களுக்கு முத்திரை குத்துகிற ஓர் ஆணையம் இருக்கிறது. அதன் மதிப்பீட்டாளர் சித்தார்த்தன் என்ற அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. 'அவ்விடத்தில் வணிக மரபு தொடர்ந்து உயிர்ப்புடன் இருப்பதற்கான சான்று' கேட்டிருந்தார்கள்.

"உயிர்ப்புன்னா?" என்றார் தலைவர்.

"யாராவது எதையாவது வித்துக்கினு இருக்கணும் தலைவரே" என்றேன் நான். "அந்த வீரம்மா ஏலம்..."

"மீன் நாத்தத்துல வந்து அதிகாரி நிப்பாரா? அறிவு இருக்குதா உனக்கு? நல்லா நாகரிகமா வணிகம் பண்ற ஆளுங்களக் கூப்புடு."

விழுப்புரம் பக்கத்திலிருந்து கூத்துக் கட்டுகிற நாலு பேரை அரபு வணிகர்களாக ஏற்பாடு செய்தோம். ராஜபார்ட் வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்ததால், கிரீடத்துக்கு மேலேயே துண்டைச் சுற்றினோம். லாமுவில் கழுதை உண்டு என்பதால் கழுதைக்கும் அலைந்தோம். முண்டியம்பாக்கத்தில் கழுதைப் பால் விற்கிறவர் ஒருவர் இருந்தார். மத்தியானத்துக்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பால் வியாபாரம் பேஜாராகிவிடும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால் அந்த யோசனையைக் கைவிட்டோம். கிடைத்த ஒரே நிஜ வியாபாரியை இப்படித் தவறவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கதவு மட்டும் தயார். தலைவர் கடையில் மிஷினில் வெட்டியது. பத்தடி உயரம். கொடி, பூ, மீன், யானை, அப்புறம் எதற்கோ ஒரு மயில். தேக்கு என்று சொல்லச் சொன்னார். சொன்னோம்.

வீரம்மாளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தோம். அதிகாரி பத்து மணிக்கு வருகிறார், அதற்குள் ஏலத்தை முடித்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிட வேண்டும். அவளும் தலையாட்டினாள். ஆனால் அன்றைக்கென்று பார்த்து கடலில் மீன்பாடு அதிகம். போட்டுகள் கரை திரும்ப லேட்டாகிவிட்டது. வீரம்மாள் வழக்கம்போல் கோட்டை இழுத்துவிட்டு, கூடைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டியானை வண்டியில் கதவு வந்து இறங்கியது. தூக்கி வந்த ஆட்கள் மூச்சு வாங்க, "எங்க வைக்கறது சார்?" என்றார்கள்.

தலைவர் மணலைப் பார்த்தார். ஈர மணலில் அழகாக ஒரு சதுரக் கோடு. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா சக்கரபாணி! மேஸ்திரிக்கு ஒரு தடவைதான் சொன்னேன். கரெக்டா மார்க் பண்ணி வச்சிட்டுப் போயிருக்கான். ம், ஜல்தி! கோட்டுக்குள்ள வைங்கப்பா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். ஏனென்றால் முந்தின கூட்டத்தில் நான் அறிவு கெட்டுப் பேசியதைக் கண்டித்து, விழா முடியும்வரை துணைச் செயலாளர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். தீர்மானத்தை மீறுகிற ஆள் நான் இல்லை. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு. நாலடி பின்னால் போய், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

கதவு கோட்டுக்குள் இறங்கியது. வீரம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அதே நேரத்தில் அதிகாரி சித்தார்த்தனின் ஜீப்பும் வந்து நின்றது.

"கதவு! பெரிய கதவு!" அவள் குரலில் கரையில் இருந்த காக்காய் எல்லாம் எழுந்து பறந்தது. "தேக்கு! தேக்குன்னு அவுங்க சொல்றாங்க, நான் சொல்லல! கேளு கேளு!"

"ஏய், ஏய்! இன்னா பண்றே?" தலைவர் பாய்ந்து வந்தார்.

"ஏலம் சார். நீங்கதான் கோட்டுக்குள்ள வச்சீங்க."

"அது திறப்பு விழாக் கதவும்மா!"

"தெறந்துதான சார் கீது?" என்று சொல்லிக்கொண்டே கதவைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள், மீனை அமுக்கிப் பார்ப்பதுபோலவே. விரல் லேசாக உள்ளே போனது. அவள் முகம் மாறிவிட்டது. "ஐய, நேத்து மீனு மாதிரி கீதே! பாத்துக் கேளுங்கம்மா, பின்னால என்னைக் கொற சொல்லக் கூடாது!"

கூடைக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒரு விலை கேட்டார்கள். ஒருத்தி கருவாடு காயவைக்க என்றாள். இன்னொருத்தி வேண்டாம், மயில் இருக்கிறது, பூனை பயப்படாது என்றாள். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கனமான குரல் வந்தது. பனமலைப் பக்கத்திலிருந்து மீன் வாங்க வந்திருந்த தாண்டவராயன் என்ற விவசாயி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு நாலு காசு பார்த்தவர், வீட்டில் விசேஷம்.

"என் மோட்டார் கொட்டாய்க்குக் கதவு இல்ல. நாய் பூந்து படுத்துக்கினு கரண்டு போட வுட மாட்டேங்குது. நான் கேக்கறேன்!"

கேட்டார். கூட ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கதவு முடிந்தது. தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யானை இருக்கறது ராசி" என்றார்.

தலைவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. செருப்போடு பாய்ந்து, மல்லாந்து கிடந்த கதவின் மேல் ஏறி நின்றார். "என் பொணத்தத் தாண்டிதான் இந்தக் கதவு இங்கேருந்து போவும்!"

வீரம்மாள் அவரைப் பார்த்தாள், அவர் காலடியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். சட்டம் என்று வந்துவிட்டால் அவள் ஆள் பார்ப்பதில்லை.

"தலைவரு! முழுசா ஒரு தலைவரு! வெள்ளச் சட்ட, மோதரம் ஒண்ணு, செல்லு ரெண்டு! கேளு கேளு!"

அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"கேளுங்கம்மா. கேளுங்கப்பா. வுட்டா கெடைக்காது."

ஒருவரும் கேட்கவில்லை. தலைவரின் கோபம் மெதுவாக இறங்கி, முகத்தில் வேறு ஒன்று வந்தது. அவர் ஓரக்கண்ணால் சக்கரபாணியைப் பார்த்தார். பொருளாளர் வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அரபு வணிகர்களைப் பார்த்தார். ராஜபார்ட் கிரீடத்தைச் சரிசெய்தார்.

"கேக்க ஆளு இல்லன்னா கருவாட்டுக் கொட்டாய்க்குப் போயிடும்" என்று வீரம்மாள் ஊர் வழக்கத்தை நினைவுபடுத்தினாள்.

"கருவாட்டுக்கும் உதவாதுக்கா, ஒரே கொழுப்பு!" என்றாள் ஒருத்தி. பெண்கள் மணலில் விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தீர்மானத்தை மீறி வாயைத் திறந்து, "பத்து ரூபா" என்றேன். மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டாள். இந்த வகையில், எங்கள் தலைவர் சட்டப்படி எனக்குச் சொந்தம். என் ஹெல்மெட்டுக்கு இதைவிட நிறையக் கொடுத்தேன். அதுவாவது தலையைக் காப்பாற்றும்.

நாங்கள் எல்லாரும் அதிகாரியை மறந்தே போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் சித்தார்த்தன் மணலில் நின்று செல்லில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர், சிரித்ததால் வந்ததா நெகிழ்ந்ததால் வந்ததா தெரியவில்லை.

"அற்புதம்! இதுதான் சார் உயிர்ப்புள்ள வணிக மரபு! நான் எத்தனையோ ஊர் பார்த்திருக்கேன். கட்டடம் இருக்கும், கதவு இருக்கும், வணிகம் செத்திருக்கும். இங்க வணிகம் உயிரோட இருக்கு!" வீரம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்தக் கோட்டை இனிமே யாராலயும் அழிக்க முடியாது. அரசாங்கமே பாத்துக்கும்."

வீரம்மாள் அழுதுவிட்டாள். எப்போதும் கத்துகிற பொம்பளை, சத்தமே இல்லாமல் அழுதாள். அதற்குள் கரை ஏறிவிட்ட ஒரு போட்டிலிருந்து நல்ல சங்கராவாக ஒரு பை நிறையப் போட்டு அவர் ஜீப்பில் வைத்தாள். அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே ஏலமில்லாமல் கை மாறிய மீன் அது ஒன்றுதான். கமிஷனும் கேட்கவில்லை.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

சொன்னபடியே சான்றிதழ் வந்தது. எங்கள் குழுவின் சாதனைகளை இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. கோட்டை யாரும் அழிக்க முடியாதபடி, வீரம்மாள் இழுத்த அதே அளவில், அதே இடத்தில், கருங்கல்லில் பதித்தார்கள். அலை அடித்தாலும் அழியாது, சுனாமி வந்தாலும் அழியாது. அதைச் சுற்றிப் பித்தளைக் கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். யாராவது மிதித்துக் கல் தேய்ந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் உள்ளே போகத் தடை. காட்சியை மறைக்கிறது என்று போட்டுகளை ரெண்டு பர்லாங் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். சதுக்கத்தைப் பராமரிக்கக் காசு வேண்டும் அல்லவா, ஒரு கம்பெனி முன்வந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது, கரையோரமாகத் தங்கும் விடுதி கட்டக் கொஞ்சம் இடம். சக்கரபாணி பழைய அனுபவத்தில் பத்திர வேலையை இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். விடுதிக்கு 'லாமு பே' என்று பெயர். அறைக்கு அறை செதுக்குக் கதவு. சப்ளை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாண்டவராயனின் மோட்டார் கொட்டகையில் இருக்கிற முதல் கதவைத் திருப்பிக் கேட்டுத் தலைவர் மூன்று முறை பனமலை போய்வந்தார். நாய் உள்ளே விடவில்லை. இப்போது அந்தக் கொட்டகையையும் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாமா என்று குழு பரிசீலித்து வருகிறது.

சதுக்கத்தின் அறிவிப்புப் பலகை என் கைவண்ணம்:

'மரபு ஏலக் களம். இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கு இடைவிடாது வணிகம் நடைபெற்று வருகிறது. இங்கு எந்தப் பொருளையும் விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம்.'

எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. நீங்களே போய்ப் பார்க்கலாம், டிக்கெட் உண்டு.

வீரம்மாளுக்கும் நாங்கள் அநியாயம் செய்யவில்லை. சனி, ஞாயிறு சாயந்தரம் விடுதி விருந்தாளிகளுக்காக 'மரபு ஏலம்' என்று ஒரு நிகழ்ச்சி. பிளாஸ்டிக் மீன், நாற்றமே இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினால் போதும், கையில் சம்பளம். இதைச் சொல்லி அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். உப்பளம் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் இருந்தாள். தராசு லாரிக்காரன் கையில் இருந்தது. அவன் ஒரு விலை சொன்னான். அவள் கூடையைக் கவிழ்த்தாள். அந்தத் தொண்டையை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

நான் கூப்பிட்டதும் வந்தாள், கையில் துடுப்போடு. சிவப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கருங்கல் கோட்டைப் பார்த்தாள். பலகையைப் படிக்கச் சொன்னாள், படித்தேன். விடுதியைப் பார்த்தாள். சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் வஞ்சிரத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத" என்றாள். "கோட்டுக்குள்ள வந்தது எதுவும் ஏலம் போடாம வெளிய போவாது. ஒரு ஓட்ட ஹெல்மெட்டு, அதுக்கே நான் மூணு தரம் கத்தினேன். ஊரே கேட்டுது. இந்தக் கோட்டுக்குள்ள கெடந்த களம் எங்கள வுட்டுப் போயிடுச்சே, இத யாரு ஏலம் போட்டது? எப்ப போட்டது? எங்க காதுல ஒண்ணும் வுழலியே தம்பி."

துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு உப்பளம் ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். துடுப்பு இப்போது விடுதி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அழகாக இருக்கிறது.

அவளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், குழுவின் சார்பில், முழுப் பொறுப்போடு. கடல்வணிகம் அந்தக் கரையில் செத்துவிட்டது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். யவனர் வந்த காலத்திலிருந்து இன்றுவரை அங்கே நடந்ததிலேயே பெரிய வியாபாரத்தை நடத்தி முடித்தவர்கள் நாங்கள்தான். ஒரு ஊரையே விற்றிருக்கிறோம், ஒரு தரம் என்று ஒருவர்கூட வாயைத் திறக்காமல்.